இளையோர் கால்பந்து லீக்குகளில் நடுவர் ஒதுக்கீடு

இளையோர் கால்பந்து லீக்கில் நடைபெறும் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் தகுதிச் சான்று பெற்ற நடுவரைத் தேர்ந்து அனுப்பும் பணி நடுவர் ஒதுக்கீடு எனப்படும். இதைச் செய்பவரை நடுவர் ஒதுக்கீட்டாளர் எனலாம். கால்பந்தை 'சாக்கர்' என்று அழைக்கும் ஐக்கிய அமெரிக்காவில், வார இறுதி நாட்களில் சிறுவர் சிறுமியர் ஆட்டங்கள் ஒரே வேளையில் பல திடல்களில் நடக்கின்றன. எனவே அங்கு இது தனிப் பொறுப்பாக வளர்ந்துள்ளது. 1913இல் தொடங்கப்பட்ட ஐக்கிய அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பின் கீழ் வரும் ஆட்டங்களுக்கு நடுவரை ஒதுக்குபவரும் அதற்கெனத் தனியே உரிமம் பெற வேண்டும்.

கால அட்டவணையின் கட்டங்களை நிரப்பும் வேலையாக இது தோன்றலாம். ஆனால் ஆடும் குழந்தைகளின் நலனும், பல வேளைகளில் தாமும் பள்ளி மாணவராகவே இருக்கும் நடுவரின் நலனும் இதைச் சார்ந்துள்ளன.

நடுவரின் தகுதி

கூட்டமைப்பின் தொடக்கநிலை உரிமத்தை 13 வயது நிரம்பியவர் பெறலாம். இணையவழிப் பாடம், நேரடிப் பயிற்சி, தேர்வு ஆகியவற்றை முடித்தபின் உரிமம் கிடைக்கும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 18 வயதைக் கடந்தவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும், சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். அனுபவம் பெற்றவர்கள் மண்டல நிலைக்கும் தேசிய நிலைக்கும் உயரலாம்.

கலிபோர்னியாவில் 1964இல் தோன்றிய அமெரிக்க இளையோர் சாக்கர் அமைப்பில் நடுவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத பெற்றோரே. அங்கு நடுவருக்கு வழங்கப்படும் ஒவ்வொரு பட்டையும் எந்த வயதுப் பிரிவு வரை அவர் நடுவராகலாம் என்பதைக் குறிக்கும்.

வயதுக்கேற்ப மாறும் விதிகள்

எல்லா வயதினரும் ஒரே ஆட்டத்தை ஆடுவதில்லை. கூட்டமைப்பின் அளவுகோல்கள் வருமாறு:

- 6 முதல் 8 வயதுப் பிரிவுகள்: அணிக்கு 4 பேர், 10 நிமிடங்கள் கொண்ட 4 பகுதிகள். ஆஃப்சைடு விதியும் பெனால்டி உதையும் இல்லை.
- 9, 10 வயதுப் பிரிவுகள்: அணிக்கு 7 பேர், 25 நிமிடங்கள் கொண்ட 2 பாதிகள்.
- 11, 12 வயதுப் பிரிவுகள்: அணிக்கு 9 பேர், 30 நிமிடங்கள் கொண்ட 2 பாதிகள்.
- 13 வயதுப் பிரிவு முதல்: அணிக்கு 11 பேர்.

10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. மூளை அதிர்ச்சியைத் தவிர்க்க 2015இல் அறிவிக்கப்பட்ட விதி இது. பெரியவர்களின் ஆட்டத்தில் தேர்ந்த நடுவர் ஒருவர் இவ்விதியை அறியாமல் சிறுவர் ஆட்டத்திற்கு வந்தால், தலையால் முட்டுவதைப் பார்த்தும் ஆட்டத்தைத் தொடரவிடுவார். ஆகவே தகுதி என்பது உயர்ந்த சான்றிதழ் மட்டுமன்று. குறிப்பிட்ட ஆட்டத்திற்குப் பொருந்துவதும் ஆகும்.

ஒதுக்கும் முறை

நடுவர்கள் தாம் வரக்கூடிய நாளையும் நேரத்தையும் இணையச் செயலியில் பதிவு செய்கின்றனர். பின்னர் ஒதுக்கீட்டாளர் சிலவற்றைப் பார்க்கிறார். அந்த நடுவரின் பிள்ளையோ உடன்பிறந்தவரோ அணியில் ஆடுகிறார்களா? அவர் அந்த மன்றத்தைச் சேர்ந்தவரா? ஒரே நாளில் எத்தனை ஆட்டங்களுக்கு ஓடியிருப்பார்? இவ்விரு அணிகளுக்கிடையே முன்பு தகராறு உண்டா?

பெரிய பிரிவுகளில் ஒரு நடுவரும் இரு துணை நடுவர்களும் பணியாற்றுவர். நடுவர் திடலின் குறுக்காகவும், துணை நடுவர்கள் எதிரெதிர்ப் பக்கக்கோடுகளிலும் நகரும் இம்முறையைப் பரப்பியவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸ். பள்ளி ஆசிரியராக இருந்த அவர் பின்னாளில் ஃபிஃபாவின் தலைவரானார். புதியவர் ஒருவர் பக்கக்கோட்டில் நின்று, மூத்தவர் முடிவெடுப்பதைப் பார்த்துக் கற்பதற்கும் இம்முறை உதவுகிறது.

ஆள் குறையும்போது

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சனிக்கிழமை காலை 15 வயதுப் பிரிவு ஆட்டத்திற்கு வரவேண்டிய நடுவர் உடல்நலமின்றி நின்றுவிடுகிறார். கையிலிருப்பவர் போன மாதம் உரிமம் பெற்ற 14 வயது மாணவி. அவரை நடுவே நிறுத்தினால் கட்டம் நிரம்பிவிடும். ஆனால் தன்னைவிட மூத்த வீரர்களின் முதல் முரட்டு மோதலைக் கண்டிக்க அவர் தயங்கக்கூடும். மோதல்கள் பெருகும், பயிற்றுநரும் பெற்றோரும் கத்துவர். அடுத்த பருவத்தில் அவர் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். இன்றைய பற்றாக்குறையைத் தீர்க்கச் செய்தது நாளைய பற்றாக்குறையைக் கூட்டுகிறது.

இதற்கு மாற்று வழிகள் உள்ளன. 9 வயதுப் பிரிவு ஆட்டத்தில் இருக்கும் மூத்த நடுவரை இங்கு மாற்றி, மாணவியை அங்கு அனுப்பலாம். துணை நடுவர் இல்லையெனில் பார்வையாளர் ஒருவரைப் பக்கக்கோட்டில் நிறுத்தலாம். பந்து கோட்டைக் கடந்ததை மட்டும் அவர் காட்டுவார். ஆஃப்சைடு, தவறாட்டம் ஆகியவற்றை நடுவரே முடிவு செய்வார். எதுவும் இயலாதபோது ஆட்டத்தைத் தள்ளிவைப்பதே முறை.

நடுவர் பாதுகாப்பு

நடுவரை ஏசுவோர்க்கும் தாக்குவோர்க்கும் குறைந்தபட்சத் தண்டனைகளை வரையறுக்கும் புதிய கொள்கையைக் கூட்டமைப்பு 2025 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. தண்டனை தவறு நடந்த பின்னரே வரும். இளம் நடுவரைத் தாங்க முடியாத ஆட்டத்திற்கு அனுப்பாமல் இருப்பதும், முதல் சில ஆட்டங்களில் அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு நிறுத்துவதும் ஒதுக்கீட்டாளர் முன்கூட்டியே செய்யக்கூடியவை.