புல்லுக்குள் ஓர் உயிர் தூங்குகிறது!

இங்கிலாந்தில் பலர் நகராட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் மின்சாரம் கிடையாது. அதனால் புல் வெட்டப் பெட்ரோல் எந்திரம் வாங்குகிறார்கள். சுழலும் நைலான் கயிறு புல்லை அறுத்துத் தள்ளும்!

வாங்கும்போது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் தோள்வார் அவசியம்.

'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின் என்றால், பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று குறிப்பில் இருந்தால், 1 லிட்டருக்கு 20 மில்லி. மறந்தால் எஞ்சின் இறுகிவிடும்! வேலை இல்லாத மாதங்களில் தொட்டி காலியாக இருக்கட்டும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைக்கும்.

கல் தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் தேவை.

இன்னொன்று! உயர்ந்த புல்லுக்குள் பகலில் முள்ளெலி தூங்கும். சத்தம் கேட்டால் ஓடாது, சுருண்டு கொள்ளும். வண்டு, புழுக்களைத் தின்னும் நண்பன் அது. முதலில் புல்லை விலக்கிப் பாருங்கள்; பிறகு எந்திரத்தைக் கிளப்புங்கள்!