சக்கரத்தின் மேல் குடித்தனம்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளே அமைந்த வண்டியையே வீடாக வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் ஊர் ஊராகத் தங்கி வாழ்வதுதான் கேரவன் வாழ்க்கை. தமிழ்நாட்டில் கேரவன் என்றாலே படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். அதில் யாரும் குடியிருப்பதில்லை. இங்கே பேசப்படுவது சமையல், துவையல், உறக்கம், காய்ச்சலில் படுத்துக் கிடப்பது வரை அத்தனையும் வண்டிக்குள் நடக்கும் முழுநேரக் குடித்தனம். சுற்றுலா போகிறவருக்குத் திரும்பும் தேதி உண்டு. இவர்களுக்குக் கிடையாது. அடுத்து எந்த ஊர், எத்தனை நாள் என்பதைக் காற்றும் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரும் முடிவு செய்யும்.

அமெரிக்காவில் இது பழகிப்போன வாழ்க்கை. வடக்கே பனி விழத் தொடங்கியதும் ஓய்வுபெற்றவர்கள் பலர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு புளோரிடாவுக்கும் டெக்சாஸ் கடற்கரைக்கும் அரிசோனாப் பாலைவனத்துக்கும் இறங்கிவிடுகிறார்கள். அரிசோனாவில் அரசு நில நிர்வாகத் துறையே இதற்கென இடம் ஒதுக்கி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிச் சீட்டு தருகிறது. மற்ற அரசு நிலங்கள் பலவற்றில் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியாது. ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலத்தில் வடக்கு நோக்கி நகரும் முதியவர் கூட்டம் பெரிது.

இந்தியாவில் இப்போதுதான் தொடக்கம். கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்ற திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் கொடுத்தது. இவை பெரும்பாலும் வாடகை வண்டியில் நாலு நாள் சுற்றுவோருக்கான ஏற்பாடுகள். குடித்தனம் நடத்துகிறவருக்கு உண்மையில் வேண்டியது தண்ணீர் பிடிக்கவும், கழிவைக் கொட்டவும், இரவில் பயமில்லாமல் நிற்கவும் ஓர் இடம். அது இன்னும் ஊர்தோறும் வரவில்லை. சின்ன இடத்தில் எவ்வளவு வசதியாக வாழலாம் என்பதற்கு நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டட வடிவமைப்பாளர் அருண் பிரபு நல்ல உதாரணம் காட்டினார். அவர் சரக்கு ஆட்டோவின் மேல் 6 அடிக்கு 6 அடி அளவில், சுமார் 1 லட்சம் ரூபாய்ச் செலவில் ஒரு வீடு கட்டினார். 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரியத் தகடு, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடங்கின. 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்டி எழுதியதும் நாடு முழுவதும் பேசப்பட்டது.

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் கரிசல் காட்டுக்கு, நிலையான வீடில்லாமல் நகர்ந்து வாழும் முறை புதிதல்ல. கிடை போடும் கோனார்கள் அப்படி வாழ்ந்தார்கள். குறைந்த எண்ணிக்கையிலேனும் இன்றும் வாழ்கிறார்கள். மானாவாரி வெள்ளாமை முடிந்து மேய்ச்சல் தீர்ந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இராமநாதபுரச் சீமையிலிருந்து புறப்பட்ட மந்தைகள் தஞ்சை, திருவாரூர், நாகை வரை போயிருக்கின்றன. அறுவடையான வயலில் ஆடுகளை இரவெல்லாம் அடைத்து வைப்பதுதான் கிடை; அதனால் நிலத்துக்கு உரம், மேய்ப்பவருக்கு நெல் அல்லது பணம்.

இந்தப் பயணத்துக்கு எழுதிய திட்டம் இருக்காது. ஆனால் கணக்கு இருக்கும். மந்தைக்கு முன்னால் ஒருவர் போவார். எந்த ஊரில் அறுப்பு முடிந்தது, கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, எந்தச் சம்சாரி கிடை கேட்கிறார் என்று பார்த்து வந்து சொன்ன பிறகுதான் மந்தை நகரும். நிலக்காரர் சரி சொல்லாமல் ஓர் ஆட்டின் கால்கூட வயலில் படாது. முன்பு தட்டுமுட்டுச் சாமான்களைக் கழுதையிலோ தலைச்சுமையாகவோ கொண்டுபோனார்கள். இப்போது வலை, கம்பு, பாத்திரம், அன்று போட்ட குட்டி எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஆட்டோடு நடக்கிறார்கள். முன்னால் ஆள் அனுப்பி விசாரிப்பது, தண்ணீரைப் பார்த்த பிறகே தங்குவது, உரியவரிடம் கேட்டு நிற்பது ஆகிய மூன்றும் கேரவன்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடங்கள். வெளிநாட்டுக் கையேடுகளைவிட இவை கரிசல் காட்டிலிருந்து கடற்கரைக்கு வண்டியில் இறங்குகிறவருக்குப் பொருந்தும்.

வண்டிக்கு வருவோம். நம் ஊர்ச் சாலைக்கு டெம்போ டிராவலர், விங்கர் போன்ற வேன்களே தோது. ஆள் நிமிர்ந்து நிற்க உயரம் இருக்கும். மீனவக் கிராமத்துச் சந்தில் திருப்பவும் முடியும். பேருந்தை மாற்றிக் கட்டினால் உள்ளே இடம் தாராளம்தான். ஆனால் கடலோரத்துக்குப் போகும் பல சாலைகளில் எதிரே மீன் வண்டி வந்தால் ஒதுங்க வழியிருக்காது. பழைய வேனை வாங்கி இருக்கையைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அதை ஒப்பாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பதியாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீடு கைவிடக்கூடும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் உரிமமே போதும்.

தண்ணீர்தான் இந்த வாழ்க்கையின் அச்சாணி. 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் வண்டியில் 100 கிலோ ஏறுகிறது. அதனால் வேண்டிய மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டு பேர் வாளியில் அளந்து குளித்து, தட்டைத் துடைத்தபின் கழுவிப் பழகினால் 100 லிட்டர் இரண்டு நாள், இழுத்துப் பிடித்தால் மூன்று நாள் வரும். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கரிசல் காட்டில் குடத்தை எண்ணித் தண்ணீர் புழங்கி வளர்ந்தவர்களுக்கு இது தனியாகக் கற்க வேண்டிய வித்தையல்ல.

சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். குடிக்கவும் சமைக்கவும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். புழக்கத்துக்கு வேறு தண்ணீர். ஆகவே வண்டியில் இரண்டு தொட்டி இருப்பது நல்லது. உப்புத் தண்ணீரைக் குழாய்களில் ஓடவிட்டால் மோட்டாரும் ஹீட்டரும் சீக்கிரம் பழுதாகும். தனுஷ்கோடியில் நிலைமை நேர்மாறு. இரண்டு பக்கமும் கடல் இருக்க, மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குவதே காரணம். அங்குள்ளவர்கள் சிறு ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அவசரப்பட்டு ஆழத் தோண்டினாலோ மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ கீழிருக்கும் உப்பு மேலேறி ஊற்று கெட்டுவிடும். வண்டியில் வருகிறவர் அந்த ஊற்றிலிருந்து தொட்டி நிரப்புவது அந்த மக்களின் குடிநீரில் கைவைப்பதாகும். இராமேசுவரத்திலேயே நிரப்பிக்கொண்டு போவதுதான் முறை.

கழிவு பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். வண்டிக்குள் இருப்பது பெட்டிபோல் கழற்றி எடுக்கும் சிறு கழிவுத் தொட்டி. இரண்டு பேருக்கு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதைக் கொட்ட வேண்டிய இடம் கழிப்பறைதான். பெட்ரோல் பங்க், கோயில் ஊர்க் கட்டணக் கழிப்பறை, தங்கும் விடுதி என எங்காவது கேட்டு, காசு கொடுத்துக் கொட்டலாம். ஓடையிலோ கடற்கரை மணலிலோ கொட்டுவது குற்றம். அடுத்து வரும் வண்டிகளுக்கும் அந்த ஊர் கதவை மூடிவிடும்.

மின்சாரத்துக்கு வெயில் இருக்கிறது. கூரையில் 600 வாட் தகடு இருந்தால் நல்ல நாளில் இரண்டு, இரண்டரை யூனிட் கிடைக்கும். விளக்கு, செல்போன், சிறு ஃபிரிட்ஜ், 30 வாட் மின்விசிறி எல்லாம் அதில் ஓடும். ஒரு டன் ஏசி இரண்டு மணி நேரத்தில் அத்தனையையும் தின்றுவிடும். எனவே தகரக் கூரைக்கு உள்ளே வெப்பத்தடுப்பு அட்டை, எதிரெதிர் ஜன்னல், கொசுவலை ஆகியவற்றில் போடும் பணம் ஏசியில் போடும் பணத்தைவிடப் பயன்தரும். சமையலுக்கு 5 கிலோ சிறு சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே பல ஊர்களில் கிடைக்கிறது. அடுப்பை அணைத்ததும் சிலிண்டர் வால்வையும் மூடுவதும், தரைமட்டத்தில் காற்றுப்போக்கி வைப்பதும் கட்டாயம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும்.

மல்லாங்கிணற்றிலிருந்து கடல் 100 கிலோமீட்டருக்குள்தான். திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு கமுதி வழியாகப் போய் மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. வண்டியும் ஏறக்குறைய அதே திசையில் அருப்புக்கோட்டை, கமுதி, சாயல்குடி என்று இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். அங்கிருந்து தெற்கே வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. வடக்கே ஏர்வாடி, கீழக்கரை, பாம்பன், இராமேசுவரம். இன்னும் மேலே தேவிபட்டினம், தொண்டி, கோடியக்கரை.

எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் காற்றுதான் சொல்லும். பொங்கல் கழிந்து மார்ச் வரை இந்தக் கரை முழுவதும் இதமாக இருக்கும். மார்ச் மாதத்துக்குப் பிறகு வேம்பார், சாயல்குடிப் பக்கம் பதநீர்ப் பருவம் சூடுபிடிக்கும்; கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளில் புகை எழும். கோடையில் கரிசல் காடு 40 டிகிரியைத் தொடும்போது கடற்கரையில் வெயில் சற்றுக் குறைவு. நண்பகலில் கடற்காற்றும் வந்துவிடும். ஆனால் புழுக்கம் அதிகம், இரவில் வியர்வை அடங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்பதால் துறைகளில் வண்டி நிறுத்த இடம் குறையும், பெரிய மீன் வரத்தும் குறையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்கள் வழியாக வரும் கச்சான் காற்று தென்முனையில் விடாமல் அடிக்கும். உயரமான வேனுக்கு அது ஆபத்து. ஓடும்போது பக்கவாட்டில் தள்ளும், நிற்கும்போது இரவெல்லாம் ஆட்டும். அந்த மாதங்களில் இராமேசுவரம் தீவில் தெற்குக் கரையைத் தவிர்த்து வடக்குக் கரையில் நிற்கலாம். மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மீனவர்கள் அழைப்பது அவற்றின் சுபாவத்தைப் பார்த்துத்தான். வாடை தொடங்கியதும் வடக்குக் கரை கொந்தளித்துத் தெற்கு அடங்கும். சில கிலோமீட்டர் வண்டியை நகர்த்தினால் வேறொரு கடலோரத்தில் தங்கலாம் என்ற வசதி தமிழ்நாட்டில் இங்கேதான் இவ்வளவு எளிது.

நிற்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்துவிட வேண்டும். தென்னைக்கும் பனைக்கும் அடியில் நிறுத்தக்கூடாது. காயோ மட்டையோ விழுந்தால் கண்ணாடியும் சூரியத் தகடும் போய்விடும். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டயரில் ஏறும். மணலில் இறங்கிவிட்டால் டயர்க் காற்றைக் குறைத்து மெல்ல வெளியேற வேண்டும். மீனவக் கிராமத்துக் கடற்கரை அவர்களுடைய வேலையிடம். வலை காயும், கருவாடு காயும், வள்ளம் இழுக்க வழி வேண்டும். ஊர்க் கமிட்டியிடம் சொல்லிவிட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நின்றால் இரவில் பயமில்லை. காலையில் மீனும் ஏல விலைக்கே கிடைக்கும். இலங்கை அருகில் இருப்பதால் கடலோரக் காவல் படையினர் விசாரிப்பார்கள். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனால் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே இரவுத் தங்கலுக்கு அனுமதியில்லை. ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரமும், கந்த சஷ்டியில் திருச்செந்தூரும், சந்தனக்கூட்டில் ஏர்வாடியும் நிரம்பி வழியும். அப்போது அந்த ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவது மேல்.

செலவு ஓட்டத்தைப் பொறுத்தது. வேன் லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் கொடுக்கும். வாரம் ஒருமுறை 40 கிலோமீட்டர் நகர்கிறவருக்கு டீசல் பெரிய செலவே இல்லை. தினம் 200 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அதுவே வீட்டு வாடகையைத் தாண்டும். நிலையான முகவரி ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும். ஆதார், வாக்காளர் பட்டியல், வங்கி, காப்பீடு எல்லாம் அதைத்தான் கேட்கும். சொந்த ஊரில் அண்ணன் வீடோ மகள் வீடோ இருந்தால் போதும். ரேஷன் பொருளை வேறு ஊர்க் கடையிலும் வாங்கும் வசதி இருக்கிறது. வயதானவர்கள் மாதாந்திர மருந்துச் சீட்டின் நகலைச் செல்போனிலும் தாளிலும் வைத்துக்கொள்வது நல்லது.

அக்டோபர் பிறந்ததும் வண்டி கரையை விட்டு ஏறிவிட வேண்டும். இந்தக் கடலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் அந்தப் பருவத்துப் புயல்தான். கரிசல் காட்டில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அப்போதுதான் பெய்கிறது. ஈரக் கரிசலில் இறக்கிய சக்கரம் டிராக்டர் வந்து இழுத்தால்தான் வெளியேறும். ஆகவே தார்ச்சாலையை ஒட்டிய சரளைத் தரையிலோ, சிமென்ட் களம் உள்ள உறவினர் வீட்டிலோ நிறுத்த வேண்டும். அந்த மூன்று மாதம் வண்டிக்குப் பராமரிப்புக் காலம். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி, உப்புக்காற்று தின்ற இடங்களில் துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, பேட்டரி முனைகளில் கிரீஸ் தடவி, கூரை இணைப்புகளில் ஒழுகல் பார்த்துவிட்டால் தை பிறந்ததும் மறுபடி கிழக்கே இறங்கலாம்.