வியாழக்கிழமை அட்டை

அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதத்திலேயே பெரும்பாலான பள்ளிகள் திறந்துவிடும். அதிலிருந்து நவம்பர் வரை, பல ஊர்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் வேறு வேலை கிடையாது. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஊரே கிளம்பிவிடும். மெஸ்ஸி ஆடுகிற ஆட்டமில்லை இது. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, எதிராளியை மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம். ஆடுகிறவர்கள் 14 முதல் 18 வயது வரையிலான பையன்கள். நாடு முழுக்க ஏறத்தாழ பத்து லட்சம் பேர். டெக்சாஸில் ஆலன் என்ற ஊர் தன் பள்ளி அணிக்காக 2012-இல் ஆறு கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டியது. இரண்டே வருடத்தில் காங்கிரீட்டில் விரிசல் விழுந்து இழுத்து மூடினார்கள், பிறகு சரிசெய்து திறந்தார்கள். ஒப்பந்த வேலை எல்லா ஊரிலும் ஒப்பந்த வேலைதான்.

இப்படிப்பட்ட அணியில் பையனைச் சேர்க்கப்போனால் ஒரு படிவம் தருவார்கள். மரியாதை, கட்டுப்பாடு, பொறுப்பு, குடும்பம் என்று பெரிய பெரிய சொற்களாக இருக்கும். அணியின் விழுமியங்கள் இவை, இவற்றின்படி நடப்பேன் என்று பையனும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். இதே சொற்களை உடை மாற்றும் அறையின் சுவரிலும் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள். பார்த்தால், நம் பள்ளிக்கூடச் சுவரில் யாரும் படிக்காத பொன்மொழி மாதிரிதான் தெரியும். ஆனால் சில பள்ளிகளில் அந்தச் சொற்கள் சுவரை விட்டு இறங்கி வேலை செய்கின்றன. எப்படி இறங்குகின்றன என்பதுதான் விஷயம். டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. ஒவ்வொரு முயற்சியும் ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். அந்த ஐந்தாறு விநாடியில் பந்தைத் தொடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். நடு வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்கள், லைன்மேன்கள், ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். நடுவில் இருப்பவர் மட்டும் பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். எதிரே நிற்பவனைத் தள்ளிப் பிடித்து வழி விடுவதுதான் அவர்கள் வேலை. அந்த ஐவரில் ஒருவன் அரை விநாடி அசந்தாலும் பின்னால் பந்தோடு நிற்கும் நண்பன் மல்லாக்க விழுவான். கூட்டத்தில் யாருக்கும் யார் தவறு என்று தெரியாது. தவறு செய்தவனுக்குத் தெரியும், பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருகிறோம். விழுமியம், எதிர்பார்ப்பு என்றதும் நம் மனதில் வருவது ஒரு பயிற்சியாளர். கழுத்தில் விசில், தொண்டை கிழியப் பேச்சு, தாமதமாக வந்தால் மைதானத்தை நாலு சுற்று ஓடு. அவர் எதிர்பார்க்கிறார், பையன்கள் பயந்து நிறைவேற்றுகிறார்கள், அணி ஜெயிக்கிறது. சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது; இடைவேளைக்குப் பின் ஒரு வீர உரை, பின்னணி இசை, வெற்றி. அப்பாக்களுக்கும் இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ‘நல்ல கண்டிப்பான கோச் கிடைத்தால் பையன் உருப்பட்டுவிடுவான்’ என்று நிம்மதியாக இருக்கலாம் அல்லவா.

கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். வார்சிட்டி எனப்படும் மூத்த அணியில் மட்டும் ஐம்பது அறுபது பேர் இருக்கலாம். பயிற்சியாளர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தாலும், அந்த லைன்மேனின் அரை விநாடியை மைதானத்தில் அவர்களால் பார்க்க முடியாது. ஜிம்மில் பத்துத் தடவை எடை தூக்க வேண்டியவன் எட்டோடு இறக்கி வைப்பதையும் பார்க்க முடியாது. மேலிருந்து வரும் எதிர்பார்ப்பு, மேலே இருப்பவரின் கண் எட்டும் தூரம் வரைதான் செல்லும். அதற்கு அப்பால் பையனின் இஷ்டம்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஓர் இடம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே கான்கார்டு என்ற ஊரில் டி லா சால் உயர்நிலைப் பள்ளி. கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய ஆண்கள் பள்ளி. 1979-இல் பாப் லடூசர் என்ற இளைஞர் அங்கே ஃபுட்பால் பயிற்சியாளராக வந்தார். அதுவரை அந்த அணி ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் கண்டதில்லை. அவரது இன்னொரு வேலை, அதே பள்ளியில் சமய வகுப்பு நடத்துவது. 1992-இல் தொடங்கி 2004 வரை அந்த அணி தொடர்ந்து 151 ஆட்டங்களில் ஜெயித்தது. 2004 செப்டம்பரில் சியாட்டிலில் பெல்வியூ பள்ளி 39–20 என்று தோற்கடித்தபோதுதான் தொடர் அறுந்தது. லடூசர் 2013-இல் ஓய்வு அறிவித்தபோது அவர் கணக்கில் 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. நீல் ஹேய்ஸ் எழுதிய புத்தகமும் அதை வைத்து 2014-இல் எடுத்த படமும் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன.

தனியார் பள்ளி என்பதால் பல ஊர்ப் பையன்களும் அங்கே சேர முடியும், அரசுப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை என்று எதிரணிகள் முணுமுணுப்பதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் டி லா சாலின் லைன்மேன்கள் பெரும்பாலும் எதிரணியைவிடச் சிறிய உருவம் கொண்டவர்கள். ஐந்து பேரும் ஒரே கணத்தில் ஒரே அடி எடுத்து வைத்துப் பாய்வதில்தான் அவர்கள் பலம் இருந்தது. ஆட்டத்துக்கு முன் இரண்டிரண்டு பேராகக் கைகோத்தபடி மெல்ல நடந்து மைதானத்துக்கு வருவார்கள். பதினேழு வயதுப் பையன்கள், அதுவும் முரட்டு ஆட்டம் ஆடுகிறவர்கள், ஆயிரக்கணக்கானோர் முன்னால் கைகோத்து வருவதை முதலில் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஸ்கோர்போர்டைப் பார்த்ததும் போய்விடும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள், வியாழன் இரவு, அணி ஒரு மாணவன் வீட்டில் சேர்ந்து சாப்பிடும். சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வாரத்துக்கான வாக்குறுதியை ஒவ்வொருவனும் ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்திருப்பான். உடற்பயிற்சியில் ஒன்று, மைதானப் பயிற்சியில் ஒன்று, ஆட்டத்தில் ஒன்று. எழுதியதைப் படித்துவிட்டு, அட்டையை அணியில் இன்னொருவனிடம் கொடுப்பான். பயிற்சியாளரிடம் இல்லை. வாங்கிக்கொண்டவன் அந்த வாக்கைக் கவனிக்கப் பொறுப்பு. நிறைவேறியதா என்று அடுத்த முறை எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

அட்டையில் என்ன எழுதலாம் என்று நாமே யோசிப்போம். ‘முழு மனதோடு ஆடுவேன்’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. மனதை யார் அளப்பது? ‘கடைசி ஓட்டம் வரை என் வரிசையில் முதல் மூவருக்குள் இருப்பேன்’ என்று எழுதினால் ஒரு நண்பன் பக்கத்தில் ஓடியபடியே சரிபார்க்கலாம். ‘ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியிலும் விசில் அடிக்கும் வரை என் ஆளை விட மாட்டேன்’ என்றால் அதையும் பார்க்கலாம். சுவரில் ‘பொறுப்பு’ என்று எழுதியிருந்த சொல், இந்த அட்டைக்கு வரும்போது ஓட்டத்தில் ஓர் இடமாகவும் ஒரு விநாடிக் கணக்காகவும் ஆகிவிடுகிறது.

நம் தெருவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் சீட்டு எப்படி நடக்கிறது? பேங்க் தவணை தவறினால் நோட்டீஸ் வரும். மடித்து டிராயரில் போட்டுவிடலாம். சீட்டுப் பணம் தவறினால், காலையில் பால் வாங்கப் போகும்போது எதிர்வீட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் கையெழுத்தோ ஜாமீனோ இல்லாமலே தெருச்சீட்டுகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. லடூசர் செய்தது ஏறக்குறைய அதுதான். எதிர்பார்ப்பைத் தன் கையிலிருந்து எடுத்துப் பையன்களுக்கு நடுவில் வைத்துவிட்டார். கண்காணிப்பு இப்போது ஏழெட்டு ஜோடிக் கண்களின் வேலை இல்லை. அந்த அரை விநாடியைப் பக்கத்தில் நின்று பார்த்தவனே சாட்சி.

இன்னொன்றையும் கவனிப்போம். ‘ஜெயிப்பேன்’ என்று அட்டையில் எழுத முடியாது. வெற்றி பாதி எதிரணியின் கையில் இருக்கிறது. அடுத்தவன் கையில் இருப்பதை வாக்காகக் கொடுக்க யாருக்கு உரிமை? ஜெயிப்பதை முதல் எதிர்பார்ப்பாக வைத்த அணிகளில், நட்சத்திர ஆட்டக்காரன் பயிற்சிக்கு மட்டம் போட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள், பெஞ்சில் இருப்பவன் மட்டம் போட்டால் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்த மற்ற ஐம்பது பையன்களுக்கும் சுவரெழுத்தின் உண்மையான விலை அன்றே தெரிந்துவிடும். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட யாரை விட்டுவிடுகிறோம் என்பதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

இதே சோதனையை டெக்சாஸ் மாநிலம் சட்டமாகவே செய்து பார்த்தது. டாலஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ, பின்னாளில் அதிபர் தேர்தலில் நின்றவர், கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1984-இல் சட்டம் வந்தது. ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே மதிப்பெண் வாங்கினால் ஆறு வாரம் ஆட முடியாது. குவார்ட்டர்பேக்காக இருந்தாலும், அதாவது ஆட்டத்தையே நடத்துகிறவனாக இருந்தாலும், பெஞ்சுதான். பயிற்சியாளர்கள் கொதித்துப்போனார்கள். கையெழுத்திட்ட கவர்னர் மார்க் வைட் 1986 தேர்தலில் தோற்றதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்பார்கள். 1995-இல் ஆறு வாரத்தை மூன்றாகக் குறைத்தார்கள். ஆனால் விதி இன்றுவரை இருக்கிறது.

அட்டை முறைக்கும் ஓர் ஆபத்தான பக்கம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. நண்பனைக் கைவிடக்கூடாது என்ற உணர்ச்சி வலுக்க வலுக்க, தலையில் அடிபட்டு மயக்கமாக வந்தாலும் ‘ஒன்றுமில்லை’ என்று பையன் மறுபடி களத்தில் இறங்குவான். மூளை அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படி மறுபடி இறங்கி நிரந்தர ஊனமடைந்தான். 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே சட்டம் போட்டது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப விடக்கூடாது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இந்த மாதிரிச் சட்டம் வந்துவிட்டது. கலிஃபோர்னியா ஒரு படி மேலே போய், முழு வேகத்தில் மோதும் பயிற்சியை சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம் என்று கட்டிப்போட்டது. பையன்களின் விசுவாசத்தை நம்பி விடக்கூடிய விஷயமில்லை இது. பக்கத்தில் நிற்பவன் தடுமாறுகிறான் என்றால் போய்ச் சொல்வதையும் கைவிடாமையின் கணக்கில் சேர்க்க, அங்கே பெரியவர்கள் சட்டம் போட வேண்டியிருந்தது.

பெற்றோருக்கும் எதிர்பார்ப்புப் பட்டியல் உண்டு. சீசன் தொடங்கும் முன் ஒரு கூட்டம் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரைப் பிடித்துச் சண்டை போடக்கூடாது, 24 மணி நேரம் பொறுத்துப் பிறகு பேச வேண்டும் என்பார்கள் பல பள்ளிகளில். என் பையனை ஏன் இறக்கவில்லை என்று கேட்கக்கூடாது, அவன் முன்னேற என்ன செய்யலாம் என்று கேட்கலாம். டாலஸ் பக்கமோ கலிஃபோர்னியாவிலோ இருக்கும் நம்மவர் வீட்டுப் பையன் நாளை அந்தப் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கூட்டத்தில் கேட்க நம்மிடமும் சில கேள்விகள் இருக்கின்றன. காயங்களைப் பார்க்கத் தகுதி பெற்ற ஒருவர் மைதானத்தில் தினமும் இருப்பாரா, ஆட்ட நாளில் மட்டுமா? வாரத்துக்கு எவ்வளவு நேரம் மோதல் பயிற்சி? கடைசியாகக் கட்டுப்பாடு மீறியதற்காக உட்கார வைத்தது யாரை, முதல் அணிக்காரனையா, மாற்று ஆட்டக்காரனையா? மூன்றாவது கேள்விக்குப் பெயர் வேண்டாம், பதில் போதும்.