பால் பல்லுதானே?

மகள் ரெண்டு வயசில் கட்டில் விளிம்பில் மோதி, மேல் முன்பல் ஈறுக்குள் ஏறிவிட்டது. "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்றார்கள். நானும் விட்டுட்டேன். 7 வயதில் வந்த பல்லில் மஞ்சள் திட்டு. தேய்த்தாலும் போகலை.

பிறகுதான் தேடிப் படித்தேன். பால் பல் வேரை ஒட்டி, எலும்புக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும். முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதத்தில் தொடங்கி 4, 5 வயதுவரை படிகிறது. அதற்குள் பால் பல் உள்ளே குத்தி ஏறினால்தான் ஆபத்து அதிகம்: திட்டு, குழி, அரிதாகப் பல்லே வளைந்துவிடும். கழன்று விழுந்த பால் பல்லைத் திரும்பச் செருகக்கூடாது என்பதும் இதனால்தான். (நிரந்தரப் பல் என்றால் நேர்மாறு, உடனே செருகணும்.)

இப்போ சின்னவன் நடக்கப் பழகுறான். கட்டில் விளிம்பில் பழைய போர்வையைச் சுற்றி வைத்திருக்கிறேன்.