ஏர்பிரஷைக் கழுவ எந்தக் கரைப்பான்?

கப்பல், விமானம், பீரங்கி வண்டி என்று சிறு மாதிரிகளைச் செய்து ஏர்பிரஷால் வண்ணம் பூசுகிறவர்கள் பலர், வேலை முடிந்ததும் ஊசியையும் நாசிலையும் கழுவ என்.சி. தின்னர் எனப்படும் லாக்கர் தின்னரையே நாடுகிறார்கள். எந்தப் பெயின்டையும் அது நொடியில் கரைத்துவிடும் என்பதுதான் காரணம். ஆனால் கரைக்கும் வலிமை ஒன்றே தகுதி ஆகாது. பூசிய பெயின்டைக் கரைக்கப் போதுமானவற்றில் மூச்சுக்குக் குறைவாகக் கேடு செய்வது எது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயின்டைப் பார்த்துக் கரைப்பான்

நீர் சார்ந்த அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும் போதும். இவ்வகைப் பெயின்டுகளில் சில, ஆல்கஹால் பட்டால் பிசினாகத் திரண்டு நாசிலை அடைத்துவிடும்; அதனால் முதலில் தண்ணீரில் அலசுவதே சரி. தமியா அக்ரிலிக் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். எனாமலுக்கு மினரல் டர்பன்டைன் போதும். லாக்கர் தின்னர் உண்மையிலேயே தேவைப்படுவது மிஸ்டர் கலர் போன்ற லாக்கர் வகைகளுக்குத்தான்.

10 மில்லி என்ன செய்துவிடும்?

'தொழிற்சாலையா நடத்துகிறோம், கொஞ்சம்தானே ஊற்றுகிறோம்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள மூடிய அறையில், இத்தகைய தின்னர்களில் பொதுவாகக் கலந்திருக்கும் டொலுயீன் 10 மில்லி முழுவதும் ஆவியானால், காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 85 பங்கு. அமெரிக்காவின் தொழிற்சுகாதார அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். 8 மணி நேரச் சராசரிக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 20 பங்குதான். அதே 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சுமார் 118 பங்கு ஆவியைத் தரும். அதன் வரம்போ 200. தின்னர் முழுவதும் டொலுயீன் அல்ல, கழுவும் வேலையும் 8 மணி நேரம் நீடிப்பதில்லை என்பது நியாயமான மறுப்பே. ஆயினும் வண்ணம் மாற்றும்போதெல்லாம் கழுவுகிறோம்; ஏர்பிரஷ் திரவத்தை நுண்துளிகளாக்குவதால் அது விரைவில் ஆவியாகிறது; முகமும் அருகிலேயே இருக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் உடனே வரக்கூடியவை. டொலுயீனை நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசித்தால் நரம்பு மண்டலமும் செவித்திறனும் பாதிக்கப்படும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்கவே வேண்டும்.

மூக்கை நம்பலாமா?

வாசனையை வைத்து அளவிட முடியாது. சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். 'மணமற்றது' என்று விற்கும் டர்பன்டைனும் ஆவியாகத்தான் செய்கிறது. என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசம் வேண்டும். கூரை விசிறி ஆவியை அறை முழுக்கப் பரப்புமே தவிர வெளியேற்றாது. வெளியே இழுக்கும் விசிறிதான் உதவும். அசிட்டோனின் நச்சுத்தன்மை குறைவு என்பது உண்மை; ஆனால் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அதன் ஆவி தீப்பற்றும். மெல்லிய நைட்ரைல் கையுறையையும் அது விரைவில் ஊடுருவிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்தினால், பிளீச் அதனருகே வரவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு உண்டாகும்.

காய்ந்த பெயின்டுக்கு?

மென்மையான கரைப்பான் காய்ந்த பெயின்டை அசைக்காது என்பது சரியான வாதம்தான். ஆனால் பெயின்டைக் காயவிடாமல் உடனுக்குடன் அலசினால் அந்தத் தேவை பெரும்பாலும் எழாது. எழுந்தால், ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு, உலோகப் பாகங்களை மட்டும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சிறிதளவு தின்னரில் ஊறவைத்து, பிரஷால் தேய்க்கலாம். தின்னரைப் பீய்ச்சியடிக்க வேண்டியதில்லை. ஒரே தின்னர்தான், ஆனால் மூடிய குப்பிக்குள் இருந்தால் நுரையீரலை அடையும் அளவு வெகுவாகக் குறைகிறது. ஆகவே கடையில் கேட்க வேண்டியது 'எது வேகமாகக் கரைக்கும்' என்பதல்ல. 'இந்தப் பெயின்டுக்கு எது போதும், அதில் என்னென்ன கலந்திருக்கிறது' என்பதே. டப்பாவில் உட்பொருள் விவரம் இல்லாத தின்னரை வாங்காமல் விடுவதே நல்லது.