‘பெற்றோர் கையொப்பம்’ என்னும் கட்டம்

2014 ஜனவரி. நான் அப்போது நம் சிவகங்கை மாவட்டத்தின் வேறொரு ஒன்றியத்தில், ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. இரண்டாம் பருவ மதிப்பெண் அட்டைகள் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தன. ஒரு மாணவியின் அட்டையில் தந்தையின் கையொப்பம் முதல் பருவத்தில் ஒரு மாதிரியும் இரண்டாம் பருவத்தில் வேறு மாதிரியும் இருந்தது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுப்பி, “இது யார் போட்ட கையெழுத்து?” என்று கேட்டேன்.

“நான்தான் டீச்சர்” என்றாள்.

“நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா” என்று அதட்டி உட்கார வைத்தேன். பாடவேளை முடிந்ததும் இன்னொரு மாணவி என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், அவளுக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. முகாம்ல அம்மம்மாகூட இருக்கா.”

அன்று மாலையே முகாமுக்குப் போனேன். பாட்டி என்னைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார். “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் ரீச்சர். பிள்ளைதான் கேக்கேல்லை” என்றார். அட்டையில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று அச்சிட்டிருந்ததால், பாட்டி போட்டால் செல்லாது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. இல்லாத அப்பாவுக்காக ஒரு கையெழுத்தை அதுவே உருவாக்கிக்கொண்டது.

அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் நான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். சேர்க்கை விண்ணப்பம், மதிப்பெண் அட்டை, ஆண்டு விழா அழைப்பு, பெற்றோர் கூட்டம், கட்டுரைத் தலைப்பு என நம் பள்ளியின் ஒவ்வொரு வேலையும் குழந்தைக்குப் பெற்றோர் இருப்பதாக வைத்துக்கொண்டே நடக்கிறது. பெற்றோர் இல்லாத பெண் குழந்தை இந்த இடங்களில்தான் தடுக்கி விழுகிறாள். இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், அங்கே ஓர் ஆசிரியர் நின்றால் அவளைத் தாங்கிப் பிடித்துவிடலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்.

இவர்கள் யார்?

1983 முதல் இலங்கைப் போரின் ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். கடைசி அலை 2006இல் தொடங்கியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இத்தனை ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். மண்டபத்தில் பதிவு முடிந்ததும் பல மாவட்டங்களில் உள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, புதிய வீடுகள், மாணவர்களுக்கான உதவித்தொகை உயர்வு ஆகியவற்றையும் அறிவித்தது.

கல்வியை இவர்கள் உயிராக நினைப்பவர்கள். யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது 1824இல். 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. முகாமிலேயே படித்து வளர்ந்த இளைஞர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முகாம் குழந்தைகளுக்கு நம் அரசுப் பள்ளிகளின் கதவும் திறந்தே இருந்தது.

ஆனாலும் தாய் தந்தை இருவரையும் இழந்த பெண் குழந்தைக்குப் பள்ளி திறந்திருப்பது மட்டும் போதாது. நான் சொல்லும் மாணவி, ஐந்து வயதில் பாட்டியின் மடியில் உட்கார்ந்து படகில் வந்தவள். தந்தை போரில் இறந்தார். தாய் இங்கே வந்தபின் நோயில் இறந்தார். இதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

முதல் இடம்: சேர்க்கை

போர்ப் பகுதியிலிருந்து வரும் குழந்தையிடம் பிறப்புச் சான்று இருக்காது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் இருக்காது. இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இதை முன்பே எதிர்பார்த்திருக்கிறது. பிரிவு 14இன்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது. பிரிவு 5இன்படி, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. பிரிவு 4இன்படி, இடையில் படிப்பை விட்ட குழந்தையை அவள் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுத்து மற்றவர்களோடு சமமாக்க வேண்டும். பத்து வயதுப் பெண்ணை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவள் ஓராண்டுகூட நிற்கமாட்டாள்.

6 முதல் 14 வயது வரையுள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்றுதான் அந்தச் சட்டம் பேசுகிறது. 1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அகதிக் குழந்தைகளுக்கென்றே 22ஆம் பிரிவு உள்ளது. 1992இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: முகாம் குடும்ப அட்டை, பள்ளிப் பதிவேடு, எமிஸ் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஆறாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது ஓர் எழுத்து மாறியிருந்தால், அலுவலகம் அலுவலகமாக அலைய அந்தப் பிள்ளைக்கு ஆள் இல்லை.

இரண்டாம் இடம்: வகுப்பறை

‘என் அப்பா’, ‘கோடை விடுமுறையில் நான் சென்ற ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ‘என்னை வளர்ப்பவர்’, ‘எனக்குப் பிடித்த இடம்’ என்று மாற்றினால் மொழிப்பயிற்சி குறைந்துவிடாது. ‘பெற்றோர் கூட்டம்’ என்று சொல்லும்போது ‘பெற்றோர் அல்லது வீட்டுப் பெரியவர்’ என்று சேர்த்துச் சொல்ல ஒரு நொடிதான் ஆகும்.

அவள் ‘அம்மம்மா’ என்றபோது வகுப்பு சிரித்திருக்கிறது. அடுத்த நாள் கரும்பலகையில் எல்லோரையும் எழுதவிட்டேன். அம்மாச்சி, ஆயா, அப்பத்தா, பாட்டி, நன்னி, அம்மம்மா என்று பலகை நிறைந்தது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

போரைக் கண்ட குழந்தைகளிடம் சில அடையாளங்கள் தெரியும். தீபாவளி வெடிச்சத்தத்தில் மற்ற பிள்ளைகள் குதிக்கும்போது இவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போவார்கள். தாழப் பறக்கும் விமானத்தின் ஓசைக்குத் திடுக்கிடுவார்கள். இரவில் தூக்கம் இல்லாமல் முதல் பாடவேளையில் கண் அயர்வார்கள். சிலர் சத்துணவில் பாதியை எடுத்துவைப்பார்கள். இவற்றைச் சோம்பல் என்றோ அடம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், நடந்ததைச் சொல் என்று கிண்டவும் கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் ஒரே இடத்தில் உட்காரவைப்பதும், சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்வதும், ஒரு சிறு பொறுப்பைக் கொடுப்பதும் நம்மால் முடிந்த மருந்து. அவளுக்கு நூலகப் பெட்டியின் சாவியைக் கொடுத்தேன். அந்த ஆண்டு முழுக்க அவள் தாமதமாக வந்ததில்லை.

மூன்றாம் இடம்: வருகைப் பதிவேடு

அவள் மாதத்தில் சில நாட்கள் வரமாட்டாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. முகாமில் ‘செக்கிங்’ நாளில் குடும்பத்தார் நேரில் இருந்தாக வேண்டும். பாட்டிக்குத் துணைக்கு அவள் நிற்பாள். மற்ற நாட்களில் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும். வேறு பெரியவர் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்தான் பெரியவர். ‘ஆ’ என்று குறித்துவிட்டுப் போவதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டும். விடுபட்ட பாடத்தை எழுதித்தர ஒரு தோழியை ஏற்பாடு செய்தாலே பாதிச் சுமை குறையும்.

பெண் குழந்தை பருவமடையும்போது தாய் சொல்லித்தர வேண்டியதை யார் சொல்வார்கள்? ஒற்றை அறை வீடு, பொதுக் கழிப்பறை, வயதான பாட்டி. அந்த மாதத்தில்தான் பல பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிறுத்துகிறார்கள். ஓர் ஆசிரியை தனியாக அழைத்து விளக்கி, பள்ளியில் தரப்படும் அணையாடைகள் அவள் கைக்குக் கிடைக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் அந்த மாதத்தைத் தாண்டிவிடலாம்.

நான்காம் இடம்: எட்டு முடிந்து ஒன்பது

இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். இவளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, இதேபோல் பெற்றோர் இல்லாத இன்னொரு பெண் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தாள். நன்றாகக் கணக்குப் போடுவாள். மாற்றுச் சான்றிதழை அவள் கையில் கொடுத்து, “நல்லாப் படி” என்று வாழ்த்தி அனுப்பினோம். எங்கள் பதிவேட்டில் அவள் ‘தேர்ச்சி பெற்று வெளியேறியவர்’. உயர்நிலைப் பள்ளியின் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை. இரண்டு பள்ளிகளுக்கும் நடுவில் ஒரு குழந்தை காணாமல் போனது எந்தப் பதிவேட்டிலும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, வேறு மாவட்டத்தில் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அவளிடம் போய்ச் சேர எனக்கு வழியில்லை.

அதனால் அடுத்தவளுக்கு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. தலைமையாசிரியரும் நானும் பாட்டியையும் அவளையும் கூட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்கே போய்ச் சேர்த்துவிட்டு வந்தோம். ஒரு முற்பகல் வேலை, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் பாட்டி படுக்கையில் விழுந்தபோது, “பதினைந்து வயசாச்சு, ஒரு இடத்தில் பிடித்துக் கொடுத்துவிடலாம்” என்று உறவினர்கள் பேசினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தமக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார் என்ற பயம்தான். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பதைச் சொன்னோம். அதோடு நிறுத்தியிருந்தால் பயன் இருந்திருக்காது. தேர்வு வரை அவளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். பயத்துக்கு வழி சொன்ன பிறகுதான் சட்டம் அவர்கள் காதில் ஏறியது.

எங்கே தங்கிப் படிப்பது?

ஆதரவற்ற பெண்களுக்குத் தங்குமிடத்தையும் கல்வியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதை நம் முன்னோடிகள் நூறாண்டுக்கு முன்பே கண்டார்கள். சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 2004இல் தொடங்கப்பட்ட கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளிகளும் அதே எண்ணத்தில் நடப்பவையே.

ஆனால் உறவினர் வீட்டில் அன்பாக வளரும் குழந்தையை அங்கிருந்து பிரிக்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. முதலில் அந்த வீட்டுக்குப் பொருளுதவி கிடைக்கச் செய்ய வேண்டும். ‘மிஷன் வாத்சல்யா’ நிதி ஆதரவுத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் ரூ.4,000 கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000. உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு, 2022இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ரூ.1,000. ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி விதிகள் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்று சொல்வார்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 எண்ணை அழைக்கலாம்.

இந்தப் பருவத்தில் நாம் செய்யக்கூடியவை

இப்போது நான் தேவகோட்டையில் பணிபுரிகிறேன். தந்தையை வெளிநாட்டு வேலையில் இழந்தவள், தாய் இறந்து தந்தை விட்டுப்போனவள், அம்மாச்சி கூலி வேலை செய்து காப்பாற்றும் அக்காள் தங்கையர் என்று எங்கள் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். முகாமில் கற்றது இவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

1. ஜூன் மாதத்திலேயே வகுப்பில் யார் யாரை யார் வளர்க்கிறார்கள் என்பதைத் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாமல் அறிந்துகொள்ளுங்கள். கைகளை உயர்த்தச் சொல்லிக் கணக்கெடுக்காதீர்கள்.

2. மதிப்பெண் அட்டையில் ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்று பேனாவால் திருத்தி எழுதுங்கள். வளர்ப்பவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

3. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் எல்லா ஆவணங்களிலும் ஒப்பிடுங்கள்.

4. பள்ளி மாறும் குழந்தை அடுத்த பள்ளியில் சேர்ந்துவிட்டாளா என்பதை ஜூன் இறுதிக்குள் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

5. ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியில் ஓர் ஆசிரியர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாறுதல் வந்தால் அந்தப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

6. அவள் கதையை மேடையில் சொல்லி உதவி திரட்டாதீர்கள். புத்தகப்பையை எல்லோர் முன்னும் வைத்துக் கொடுக்காதீர்கள்.

அந்த மாணவி 2019இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வணிகவியல் படித்து, இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். பாட்டி இல்லை. சென்ற ஆண்டு பேசும்போது, “அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்ததும், அப்பாவைப் பத்திப் பாட்டிகிட்டச் சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன் டீச்சர்” என்றாள். கையெழுத்துப் போட்டது பாட்டிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்பதுதான் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கவலை. அதைக்கூட யோசிக்காமல்தான் நான் வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன்.

நூற்பாலைக்குப் போனவளைப் பற்றி இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒவ்வொருவராக விசாரிப்பது அவளால்தான்.