மூக்கை மூடினால் மட்டும் போதாது

ஜொகூரில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்கள் முகத்தில் துணியை இறுகக் கட்டிக்கொள்வார்கள். வாடை மூக்கில் ஏறாவிட்டால் ஆபத்தில்லை என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், இந்த வேலையில் பெரும்பாலான மருந்துகள் உடலுக்குள் போகும் முக்கிய வழி தோல்தான்.

தோல் வழிவிடுவது எப்படி?

தோலின் மேலடுக்கு இறந்துபோன செல்களால் ஆனது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். செங்கலுக்கு இடையே சாந்து பூசியதுபோல் இந்தச் செல்களுக்கு நடுவே கொழுப்பு நிறைந்திருக்கிறது. தண்ணீரில் மட்டும் கரையும் பொருள் இதைத் தாண்டத் திணறும். கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு சுலபமாக உள்ளே இறங்கிவிடும். பூச்சி மருந்துகள் பலவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மருந்தோடு கலந்து வரும் கரைப்பான்களும் இந்த அடுக்கைத் தளர்த்துகின்றன. வியர்வையில் ஊறிய தோலும், வெயிலில் சூடேறிய தோலும், முள் கீறிய தோலும் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

உடம்பின் எல்லா இடமும் ஒன்றல்ல. பாராதியான் என்ற பூச்சி மருந்தை வைத்து 1971இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்கையில் பட்ட மருந்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு உடலுக்குள் சென்றது. தலையில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64 விழுக்காடு. ஆண்களின் விரைப்பையில் பட்டது அநேகமாக முழுவதுமே உள்ளே போய்விட்டது. முதுகில் சுமக்கும் பம்பின் மூடி கசிந்தால், மருந்து முதுகில் இறங்கி, இடுப்புத் துணியை நனைத்து, கீழே வரை ஊறுகிறது. அந்த ஈரத்தோடுதான் வேலை முடியும்வரை நடக்கிறார்கள்.

பாராகுவாட் சொல்லும் பாடம்

பாராகுவாட் என்ற களைக்கொல்லி நல்ல தோலில் மிகக் குறைவாகவே இறங்கும். ஆனால், கசியும் பம்பாலும் நனைந்த துணியாலும் புண்பட்ட தோல் வழியே அது உள்ளே போய் உயிரைக் குடித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அந்த நஞ்சுக்கு முறிமருந்தே கிடையாது. தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளை, பெண்கள், தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுக்கும் தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்து, 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. ஒரு மருந்து போனால் இன்னொன்று வருகிறது, தோல் அதேதான்.

உங்கள் உரிமை

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன்கீழ் வந்த 2000ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகளும் முதலாளியின் கடமையைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். பயிற்சி தர வேண்டும். கையுறை, பூட்ஸ், தகுந்த உடை தர வேண்டும். இவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிப்பது குற்றம். பாதுகாப்பு இல்லை என்று புகார் கொடுத்ததற்காக வேலைநீக்கம் செய்வதும் குற்றம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை 2024 ஜூன் 1 முதல் சட்டமாகியுள்ளது.

மருந்து பட்டால்

நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் தொடாதீர்கள். அவை தோலின் கொழுப்பைக் கரைத்து மருந்துக்கு வழி திறந்துவிடும். டப்பாவின் லேபிளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பினாங்கில் உள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

மருந்துக் கரைசல் கலக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். கிழிந்த கையுறை, உள்ளே நனைந்த கையுறை இரண்டும் வெறுங்கையைவிட மோசம். மருந்தைத் தோலோடு அழுத்தி வைத்திருக்கும்.

இழப்பீடு

வேலையால் வந்த நோயும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்புக்குள் வரும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 4 நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு உதவித்தொகை உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. என்ன வேலை செய்தீர்கள், எந்த மருந்து, எந்தத் தேதி என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத நோய்க்கு இழப்பீடு வாங்குவது கடினம்.

முதலாளி செவிசாய்க்காவிட்டால் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அணுகுங்கள். ஜொகூர் பாருவில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குப் புகார் கொடுங்கள். கசியும் பம்பை முதுகில் ஏற்ற மறுப்பது அடம்பிடிப்பது ஆகாது, அது உங்கள் உரிமை. நாளைக் காலை பம்பைத் தூக்கும் முன் மூடியை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கசிந்தால், மாற்றித் தரச் சொல்லுங்கள்.